குள்ள எட்மண்டும் நெட்டை எட்மண்டும்

“ஒரு கையெழுத்துக்கு இவ்வளவு யோசனையாம்மா? ஞாயித்துக்கிழமை முந்நூறு பேர் வந்து இறங்கறாங்க!”

யூலிக் கான்ட்வெல் மேசையைத் தட்டினார். ஆறடிக்கு மேல் உயரம். எழுபது வயதிலும் கறுத்த தலை. அயர்லாந்தின் மேற்குக் கரையிலிருக்கும் கால்வேயிலிருந்து காலையில்தான் வந்திருந்தார். உலகெங்கும் சிதறிய கான்ட்வெல்கள் ஞாயிறன்று தங்கள் பூர்விக நிலமான கில்டஃபாவில் கூடி, அவரைக் குலத்தலைவராக நாற்காலியில் உட்கார வைக்கப் போகிறார்கள். வம்சாவளி சரிதான் என்று ஊர் நூலகத்துப் பிரீடா எழுதிக் கொடுக்க வேண்டியது ஒன்றுதான் பாக்கி.

பந்தல் போடப்போவது மாஸி ஹெஃபர்னனின் மேய்ச்சல் நிலத்தில். கார்களை எங்கே நிறுத்துவது என்று பேச அவரையும் யூலிக் கையோடு இழுத்து வந்திருந்தார். மாஸி தொப்பியைக்கூடக் கழற்றாமல், கால் தரைக்கு எட்டாத நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

இருபத்தாறு வருடமாகப் பழைய நிலப் பதிவுகளோடு மல்லுக்கட்டுகிறவள் பிரீடா. சந்தேகமான பட்டியலில் இதுவரை பேனா வைத்ததில்லை. இன்று அவளுக்குத் தலை சுற்றியது.

“ஒரே ஒரு சிக்கல் சார். இது 1642-ல ஒரு விதவை சத்தியம் பண்ணிக் கொடுத்த வாக்குமூலம். கில்டஃபாவுக்குச் சொந்தக்காரர் எட்மண்ட் கான்ட்வெல் வந்து என் பசுவையெல்லாம் ஓட்டிக்கிட்டுப் போனார்ங்கறா. ஆள் குள்ளம், செம்பட்டை முடி, இடது கையில வாள்.”

“எங்க பாட்டனாச்சே! வீரன்!”

“பன்னிரண்டு வருஷம் கழிச்சு, இங்கிலாந்துலேர்ந்து படையோட வந்த கிராம்வெல்லோட ஆளுங்க நிலத்தைப் பிடுங்கிக்கிட்டு, ஷானன் ஆத்தைத் தாண்டி உங்க கால்வே இருக்கிற கானாக்ட்டுக்குப் போன்னு விரட்டினாங்க. அப்பக் கொடுத்த வழிச்சீட்டு இது. எட்மண்ட் கான்ட்வெல், பெண்டாட்டி, நாலு பிள்ளைங்க. ஆள் நல்ல உயரம், கறுப்பு முடி.”

“வயசானா முடி நிறம் மாறும்மா.”

“வயசானா உயரமும் கூடுமா சார்?”

மாஸி களுக்கென்று சிரித்துவிட்டார்.

“என்னய்யா சிரிப்பு? எங்க மாட்டை மேய்ச்ச பரம்பரைதானே நீங்க?”

“அதுவும் இதுல இருக்கு,” என்றாள் பிரீடா. “மேய்ப்பன் டெய்க் ஹெஃபர்னன். அவன் போகல. நிலக்காரங்க மட்டும் போகணும், மேய்க்கிறவங்க இருக்கலாம்னு உத்தரவு. புதுசா வர்ற எஜமானுக்கு மாடு பாக்க ஆள் வேணுமே.”

“இருந்து என்ன பிரயோஜனம்? இத்தனை தலைமுறையா மேய்ச்சும் இவருக்கு ஒரு மாடு அடங்கல. காலையில ஒண்ணு என்னை முட்ட வந்துச்சு. கழுத்துல ஒரு தட்டுத் தட்டினேன், அப்படியே நின்னுடுச்சு. நாலு மாசச் சினைன்னேன். டாக்டரும் நேத்து அதையேதான் சொன்னாராம். எனக்கு யாரும் சொல்லிக் கொடுக்கல. எல்லாம் ரத்தம்மா! வாளைப் பிடிச்ச ரத்தம்!”

“வாஸ்தவம்தான். என்னை ஒரு மாடும் மதிக்கிறதில்ல,” என்று மாஸி ஒப்புக்கொண்டார்.

யூலிக்கின் போன் அடித்தது. ஞாயிற்றுக்கிழமைக்குப் பேசிவைத்த குழல் வாசிக்கிறவன் ஏதோ வம்பு பண்ணுகிறான் போல. கத்திக்கொண்டே வெளியே போனார்.

பிரீடா இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். மேலே கீழே மாற்றி வைத்துப் பார்த்தாள். வழிச்சீட்டு எழுதியவன் தூக்கத்தில் எழுதினானா? இரண்டு எட்மண்ட் இருந்தார்களா? கையெழுத்துப் போட்டால் மனசாட்சி குத்தும். போடாவிட்டால் முந்நூறு பேர் முன்னால் அந்த மனிதரின் மானம் போகும். அவளுக்கு அழுகை வராத குறை.

“எனக்கு ஒண்ணுமே புரியல மாஸி. நெட்டை எட்மண்ட் கானாக்ட் போயிட்டார். அப்ப இந்தக் குள்ள எட்மண்ட் எங்கேதான் போனார்?”

மாஸி எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். இடது கையால் தொப்பியைக் கழற்றினார். வழுக்கையைச் சுற்றி மிஞ்சியிருந்த நாலு முடியும் செம்பட்டை.

“எங்கேயும் போகலம்மா. மண்ணை விட்டுப் போக மனசில்லாம மேய்ப்பன்கிட்ட தன் பேரைக் கொடுத்து அனுப்பிட்டு, அவன் பேர்ல இங்கேயே மாடு மேய்ச்சார். எங்க வீட்டுல குழந்தைக்குக்கூட இது தெரியும்,” என்று குரலைத் தாழ்த்தினார் மாஸி. “பேசாம கையெழுத்தைப் போட்டு அவரையே நாற்காலியில உட்கார வையுங்க. நாங்கதான் கான்ட்வெல்னு வெளியில தெரிஞ்சா, மூட்டையைக் கட்டிக்கிட்டு கானாக்ட்டுக்குக் கிளம்புன்னு சொல்லிடப் போறாங்க!”