தரையே தெரியாது

“சிரிக்கிறதுன்னா இப்பவே சிரிச்சிடு மச்சான். அப்புறமா என் பேர எழுது” என்றான் ராஜவேலு.

தசரதன் சிரிக்கவில்லை. கரையில் கவிழ்த்துப் போட்டிருந்த தோணிமேல் உட்கார்ந்து, தங்கை புருஷனின் கால்களையே பார்த்தான். மடித்துக் கட்டிய கைலி. கீழே குச்சி குச்சியாக இரண்டு கால்கள். அதற்கும் கீழே, பச்சையும் ஆரஞ்சுமாக, செங்கல் கனத்துக்கு அடிப்பாகம் வைத்த இரண்டு ஷூக்கள்.

“இன்னாய்யா இது, காலுக்கு லைஃப் ஜாக்கெட்டா?”

“நானும் கண்ணாடில பாத்தேன். நாரக்கொக்கு ஒண்ணு ரெண்டு தெப்பத்துமேல நிக்கிறாப்பல கீது. அழகுக்கா வாங்குனேன்?”

ஞாயிற்றுக்கிழமை தோணிரேவில் பாடு சீட்டு. ஏரியில் யார் எந்த இடத்தில், எந்த நாளில் வலை கட்டுவது என்பதைக் குலுக்கிப் போட்டுத்தான் முடிவு செய்வார்கள். சீட்டில் பேர் எழுதுவது தசரதன். பேர் இல்லாதவனுக்கு ஏரி இல்லை.

“போன பாட்டுல காலு எரியுதுனு, வலைக்கு நட்ட கழிய அப்டியே வுட்டுட்டு தோணில ஏறி குந்திக்கின. உன் வலைய நாங்க கட்டுனோம். சொந்தக்காரன்னு இப்போ பேர போட்டா ஊரு என்ன உரிச்சிடும்.”

“அது போன வருசத்து காலு. இப்போ எரிச்சலும் இல்ல, வலியும் இல்ல. எல்லாம் இந்த ஷூதான்.”

“ஆஸ்பத்திரில சக்கரைக்கு மாத்திர குடுத்தாங்களே?”

“எரிச்சலுக்குத்தான அத்த தின்னேன்? எரிச்சல் போச்சு, மாத்திரையும் வுட்டாச்சு. உன் தங்கச்சிதான் கத்திக்கினே கீறா.”

தசரதன் எழுந்தான். “சரி வா. அதோ அந்த கழி வரைக்கும் சேத்துல நட. நொண்டாம வந்தா பேரு உண்டு.”

தண்ணீர் வற்றிய கரை. கறுப்புச் சேறு முழங்காலுக்குக் கீழ் வரை இழுக்கும். சேற்றுக்குள் கத்திமாதிரி சிப்பி. தசரதன் வெறுங்காலோடு முன்னால் நடந்தான், ஒவ்வோர் அடியையும் தடவித் தடவி வைத்தபடி. பின்னால் ராஜவேலு, கடைத்தெருவில் போகிறவன்மாதிரி சளக் சளக்கென்று வந்தான். வாய் ஓயவில்லை.

“பொன்னேரி கடையில சோபியானு ஒரு பொண்ணு மச்சான். அதான் இதோட கதைய சொல்லிச்சு. வெளிநாட்டுல மலைமேல பந்தயம் ஓடுறவங்க ரெண்டு பேரு. ஏறும்போது ஒண்ணும் இல்லியாம். எறங்கி ஓடுனா முட்டி பேந்துபூடுமாம். அதுக்குனு மெத்தைய அறுத்து அடியில வச்சாப்பல இத்த செஞ்சானுங்க. மொதல்ல ஊரே சிரிச்சுதாம், கோமாளி ஷூனு. இப்போ நாள்பூரா நிக்கிற நர்ஸம்மாங்கல்லாம் இதான் போடுறாங்களாம். கம்பெனி பேரு ஒண்ணு சொல்லிச்சு, என் வாயில நொழையல.”

“மலையில ஓடுறவன் ஷூ உனக்கு இன்னாத்துக்கு? நம்ம பக்கத்துல ஒசரம்னா லைட்ஹவுஸ் ஒண்ணுதான்.”

“நானும் அதான் கேட்டேன். ‘போட்டு நடங்க அங்கிள், தரையே தெரியாது’னுச்சு. அங்கிள்னு கூப்ட்டதுலயே பாதி வுழுந்துட்டேன். ஒரு நம்பர் பெருசாவே குடும்மானு வாங்கியாந்தேன். வலையும் செருப்பும் தாராளமா இருக்கணும்ல?”

“ஷூ கயித்த ஒழுங்கா கட்டுனியா?”

“அந்த வெக்கத்த ஏன் கேக்குற. முப்பது வருசமா வலை முடிச்சு போட்ட கையி, அந்த ரெண்டு கயித்துகிட்ட தோத்துப்போச்சு. உள்ள சொருகி வுட்டுட்டேன்.”

“ஸ்ஸ்” என்று நின்றான் தசரதன். காலைத் தூக்கி, பாதத்தில் குத்திய சிப்பியைப் பிடுங்கி எறிந்தான்.

“குத்திச்சா? எனக்கு பாரு, ஒண்ணுமே தெரியல. சேத்துல நடக்கிறனா, மேகத்துல நடக்கிறனானே புரியல. இந்த மூஞ்சிக்கு மேகம் ஒண்ணுதான் கொறச்சல்.”

கழியை எட்டினார்கள். ஒரு தடவைகூட நொண்டவில்லை ராஜவேலு. கழியைப் பிடித்துக்கொண்டு, பரீட்சை எழுதிவிட்டு வந்த பையன்மாதிரி மச்சான் முகத்தைப் பார்த்தான்.

தசரதனுக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. தன் பாதத்தில் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது.

“உன் பேரு உண்டுய்யா, போ” என்றான். “எனக்கும் ஒரு ஜோடி வாங்கியா. அடியில அப்டி இன்னாதான் கீதுனு காட்டு, பாக்கலாம்.”

ராஜவேலுவுக்கு வாயெல்லாம் பல். இரண்டு கால்களிலும் முழங்கால்வரை ஒரே சேறு. கழியடியில் தேங்கியிருந்த தண்ணீரில் வலது காலை முக்கி அலசி, கெத்தாக மேலே தூக்கிக் காட்டினான்.

அந்தக் காலில் ஷூ இல்லை. ஐந்து விரலும் இருந்தன. குதிகாலில் கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு சிப்பி பாதி உள்ளே போயிருந்தது. ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது.

“யோவ், இது வலிக்கல உனக்கு?”

ராஜவேலு அடுத்தவன் காலைப் பார்ப்பதுபோல் அதைப் பார்த்தான். விரலால் சிப்பியைத் தட்டினான். பிறகு மெதுவாகத் திரும்பிப் பார்த்தான். அவர்கள் இறங்கிய இடத்தில், கரையிலிருந்து இரண்டாவது அடியிலேயே, பச்சையும் ஆரஞ்சுமாக அது சேற்றில் நட்டுக்கொண்டு நின்றிருந்தது.

“சீட்டுல அதோட பேர எழுதிக்க மச்சான்” என்றான் ராஜவேலு. “எங்க வூட்ல ஏரியில நிக்கத் தெரிஞ்சது இனிமே அது ஒண்ணுதான்.”