அடுப்புத் திட்டின் உயரம்

கத்தரீனா இருந்தவரை தரையில் குந்தித்தான் சமைத்தாள். முழங்கால் வலி தாங்காமல், துரை பங்களாவில் இருக்கிற மாதிரி நின்று சமைக்க ஒரு திட்டுக் கட்டித் தரச்சொல்லிக் கேட்டுக்கொண்டேயிருந்தாள். கணவர் வலன்ரைன் அதைத் தொடங்கியதோ அவள் இறந்து, ஆண்டுப் பூசையும் முடிந்த பிறகுதான். அவள் சமைத்த பழைய குசினியை அடியோடு இடித்தாயிற்று. பேராதனை ஸ்டேசனில் வேலை முடிந்து கட்டுகஸ்தோட்டை வீட்டுக்கு வந்ததும், சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் நேரே போய்ப் புதுக் குசினியைப் பார்ப்பார்.

அன்று மேசன் செபமாலை முகத்தைச் சுளித்துக்கொண்டு நின்றார்.

"சுண்ணாம்பு அடிச்ச சுவத்துல யாரோ மஞ்சக் கையத் தொடச்சிருக்காங்க, ஐயா. நேத்தும் இப்பிடித்தான். மேல அடிச்சு மறைச்சேன், திரும்பவும் இருக்கு."

வீட்டில் வலன்ரைனைத் தவிர யாரும் இல்லை. மஞ்சள் அரைத்த கையை அடுப்போரச் சுவரில் துடைப்பது கத்தரீனாவின் பழக்கம். அதற்காக அவளை எத்தனையோ தரம் ஏசியிருக்கிறார். பழைய சுவரில் அந்தக் கறை தரையை ஒட்டினாற்போல் இருந்தது.

புதுக் கறை, அவள் நிமிர்ந்து நின்றால் கை படுகிற உயரத்தில் இருந்தது.

"இன்னொருக்கா அடிச்சுறவா, ஐயா?"

"வேணாம் செபமாலை, இருக்கட்டும். திட்டு உயரம் சரியா வந்திருக்கு."