ஊதினால் அணையாது

"இது நெருப்பு. சந்தேகமே இல்ல" என்றாள் லொரெய்ன், நோரீன் வீட்டு வாசற்படியில் நின்று, அங்கே வரிசையாக மினுக்கிய மெழுகுவர்த்திகளைக் காட்டி.

தலையில் கூம்பு வைத்த சூனியக்காரித் தொப்பி. குரலும் அதற்குப் பொருத்தமாகவே இருந்தது.

ஹாலோவீன் சாயங்காலம். இன்னும் சற்று நேரத்தில் தெருப் பிள்ளைகள் பேய் வேஷம் போட்டுக்கொண்டு மிட்டாய்க்குக் கிளம்பிவிடுவார்கள். அதற்கு முன் லொரெய்னும், தீயணைப்பு வேலையிலிருந்து ஓய்வுபெற்ற கிளெமும் வீடு வீடாக அலங்காரத்தைப் பார்வையிடுவது அந்தத் தெரு வழக்கம். பின்னாலேயே வேடிக்கை பார்க்க ஒரு கூட்டம்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு வீட்டில் மெழுகுவர்த்தி சாய்ந்து, வாசலில் கட்டியிருந்த சோளத்தட்டை பற்றி எரிந்தது. அதிலிருந்து நிஜ மெழுகுவர்த்திக்குத் தடை. கொண்டுவந்தவளே லொரெய்ன்தான். மீறினால் அன்று வாசல் விளக்கை அணைத்துவிட வேண்டும். விளக்கு எரியாத வீட்டுப் படியை எந்தப் பிள்ளையும் மிதிக்காது.

நோரீன் ஓஹையோவின் இந்த ஊருக்குக் குடிவந்து ஒரு வருஷம் ஆகிறது. கையசைப்பதைத் தாண்டி யாரும் பேசியதில்லை. பிள்ளைகள் வந்தால் பின்னாலேயே அம்மாக்கள் வருவார்கள், நின்று இரண்டு வார்த்தை பேசுவார்கள் என்று ஒரு வாளி நிறைய சாக்லேட்டோடு ஏங்கிக்கொண்டிருந்தாள்.

"ஐயோ, அது நெருப்பு இல்ல லொரெய்ன். வெறும் அட்டைக் குழாய். டாய்லெட் பேப்பர் தீர்ந்ததும் மிஞ்சுமே, அது! மேல சூடான பசைய வழிய விட்டா உருகின மெழுகு மாதிரியே உறைஞ்சிடும். பெயின்ட் அடிச்சு, உள்ள மினுக்குற பேட்டரி விளக்கு வெச்சேன். பாருங்க, விரலெல்லாம் கொப்புளம்!"

"அந்தக் குழாய் சேர்றதுக்கு நானும் ராப்பகலா உக்காந்து உழைச்சிருக்கேன்" என்றான் அவள் கணவன் டுவைட்.

கூட்டம் சிரித்தது. லொரெய்ன் சிரிக்கவில்லை.

"எனக்கே கதை சொல்றியாம்மா? கிளெம், இவங்க வாசல் விளக்க அணைக்கச் சொல்லுங்க."

நோரீனுக்குப் பயமாகத்தான் இருந்தது. கூடவே கொஞ்சம் பெருமையும் வந்தது. நெருப்பு என்று சண்டைக்கு வருகிற அளவுக்குச் செய்திருக்கிறாளே!

"சரி, ஊதிக் காட்டட்டுமா?"

"ஊதறதா?" லொரெய்ன் ஒரு கணம் தடுமாறினாள். "அதெல்லாம் எதுக்கு? கண்ணால பாத்தா போதாதா?"

"நல்ல யோசனையா இருக்கே! ஊதும்மா" என்றார் கிளெம், கீழே புல்தரையில் நின்றபடி.

நோரீன் மூச்சை இழுத்து முதல் மெழுகுவர்த்தியை ஊதினாள். அணையவில்லை. அடுத்தது. அதுவும் அணையவில்லை. ஒவ்வொன்றுக்கும் கூட்டம் கை தட்டியது. ஒருத்தி "எனக்கும் சொல்லித் தாயேன்!" என்று கத்தினாள். நோரீனுக்குக் கால் தரையில் பாவவில்லை.

பூசணிக்காய்க்குப் பக்கத்தில் கடைசி மெழுகுவர்த்தி. குனிந்து, கன்னம் உப்ப ஊதினாள்.

அணைந்துவிட்டது.

திரியிலிருந்து மெல்லிசாய்ப் புகை எழுந்தது.

நோரீன் திரும்பி டுவைட்டைப் பார்த்தாள். அவன் வாசல் கூரையை மும்முரமாக ஆராய்ந்துகொண்டிருந்தான்.

"மத்தியானம் தெரியாம ஒண்ணு மேல உக்காந்துட்டேன், சப்பளிஞ்சு போச்சு" என்று பல்லைக் கடித்துக்கொண்டே முணுமுணுத்தான். "அதான் அலமாரியிலிருந்து ஒண்ண எடுத்து வெச்சுக் கொளுத்தினேன். உனக்கே வித்தியாசம் தெரியலையே!"

அவனை என்ன செய்வது என்று பிறகு யோசிக்கலாம். புகையைப் பார்க்கிற தூரத்தில் லொரெய்ன் மட்டும்தான் நின்றிருந்தாள். இனி ஒரு வார்த்தை போதும். விளக்கு அணையும், பிள்ளைகள் எதிர்வீட்டுக்குப் போவார்கள், வருஷம் முழுக்க 'பொய்க்காரி' என்பார்கள்.

லொரெய்ன் சட்டென்று தன் தொப்பியைக் கழற்றி மெழுகுவர்த்தியின் மேல் கவிழ்த்தாள்.

"பேட்டரி போச்சு கிளெம்! இந்தக் காலத்து பேட்டரியெல்லாம் வாங்கின அன்னைக்கே மண்டையப் போடுது."

"என்னமோ கருகுற நாத்தம் அடிக்குதே?"

கிளெமுக்கு வேலைதான் போயிருந்தது, மூக்கு போகவில்லை.

"இவ அடுப்புல ஏதோ வெச்சிருக்கா. என்னம்மா?"

"ஆ... ஆமா. பூசணிக்காய் கேக்."

"சரிதான். தப்பா நெனச்சிட்டோம். இங்க எல்லாம் போலிதான், நானே சொல்றேன். விளக்கு எரியட்டும்!" என்று அறிவித்தாள் லொரெய்ன்.

கை தட்டல் தெருமுனை வரை கேட்டது.

நோரீனுக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை நாள் இந்த மனுஷியைப் பற்றி என்னென்ன நினைத்திருந்தாள்! அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"லொரெய்ன், நீங்க இவ்வளவு நல்லவங்கன்னு எனக்குத் தெரியாமப் போச்சே..."

"அடுத்தது லொரெய்ன் வீடு!" கிளெம் உற்சாகமாக முன்னால் நடந்தார். "அங்கேயும் ஒவ்வொண்ணா ஊதிப் பாத்துடுவோம். அதான நியாயம்?"

கூட்டம் ஆரவாரத்தோடு அவர் பின்னால் போனது.

லொரெய்னின் பிடி நோரீன் மணிக்கட்டில் இறுகியது.

"நன்றியெல்லாம் அப்புறம் சொல்லிக்கலாம்" என்று காதோடு சொன்னாள். "வீட்டுல எத்தன தொப்பி இருக்கோ அத்தனையும் அள்ளிக்கிட்டுக் கொல்லப்பக்கமா என் வீட்டுக்கு ஓடி வா. அங்க எல்லாமே நெஜம்!"