அறுபத்து நான்காம் இடத்துக்காரி

நாட்டின் முன்னணி விஞ்ஞானிகள் பட்டியல் வெளியாகியிருந்தது. யாருடைய கட்டுரைகளை எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள் என்று எண்ணிப் போட்ட வரிசை. கோழி நோய்களை ஆராயும் எஸ். அறிவுச்செல்விக்கு நூற்றுப் பன்னிரண்டாம் இடம். நூற்றுக்குள் வந்திருந்தால் நாமக்கல்லில் தனி ஆய்வுக்கூடம் கொடுத்திருப்பார்கள்.

"பன்னெண்டு இடந்தானே, அடுத்த வருசம் தாண்டிரலாம் உடு," என்றான் கணவன் சித்தார்த்.

அவள் கனவில் இருப்பவள் போலக் கணினித் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அறுபத்தி நாலாவதா ஒருத்தி இருக்கறா பாருங்க. அவ பேர்ல கட்டுரை வந்து ஆறு வருசமாச்சு. இன்னமும் அவளைத்தான் எல்லாரும் படிக்கறாங்க."

"அடப்பாவமே, செத்துட்டாளா?"

"இல்லீங்க. கல்யாணம் ஆயிருச்சு."

"அதுக்குன்னு எழுதறதை உடுவாங்களா? புருசன் ஒண்ணுக்கும் ஆகாதவனாட்ட இருக்குது."

அறிவுச்செல்வி சிரித்தாள். "நல்லவருதானுங்க. இனிஷியலை மட்டும் மாத்திக்கச் சொன்னாரு."

சித்தார்த் குனிந்து பார்த்தான். அறுபத்து நான்காம் இடத்தில் பி. அறிவுச்செல்வி என்றிருந்தது. அவனுடைய மாமனார் பெயர் பொன்னன்.

"ரெண்டையும் ஒண்ணாச் சேத்துத் தரச்சொல்லிக் கேக்கலாமில்ல?" என்றான்.

"கேக்கலாங்க. எந்தப் பேர்ல சேக்கச் சொல்லட்டும்?"