கட்டைவிரல்

டெல்மர் ரப்பர் சுத்தியலால் மறுபடி ஒரு தட்டு தட்டினார். துப்பாக்கி அசையவில்லை.

"வந்துடும்" என்றார், யாரும் கேட்காமலே.

அவர் மனைவி நடீன் காபிக் குடுவையோடு பட்டறை வாசலில் நின்றிருந்தாள். ஒவ்வொரு தட்டும் அவள் நெஞ்சில் விழுந்தது.

நாளை விடிந்தால் எல்க் மான் வேட்டை தொடங்குகிறது. மொன்டானாவில் அன்றைக்குப் பள்ளிக்கூடம்கூடப் பாதி காலியாகத்தான் இருக்கும்.

துப்பாக்கியின் இரும்புப் பாகம், தோளில் அணைத்துப் பிடிக்கிற கட்டைக்குள் ஆடாமல் உட்கார வேண்டும். இதுவோ பிளாஸ்டிக் கட்டை, கையால் அழுத்தினாலே வளையும். வளைந்தால் குழலில் உரசும், உரசினால் குண்டு திசை மாறும். 'நூடுல்ஸ்' என்றுதான் டெல்மர் அதைத் திட்டுவார். நேற்று அதன் உட்புறத்தைச் சுரண்டி, சிறு துளைகள் போட்டு, எபாக்ஸி பசையை நிரப்பி, இரும்பை அதில் அழுத்தி வைத்தார். பசை கல்லாக இறுகிய பிறகு இரும்பைத் தட்டி எடுத்தால் அதன் அச்சு அப்படியே கட்டையில் நிற்கும்.

வைப்பதற்கு முன் இரும்புக்கும் அதைப் பிடிக்கிற திருகாணிகளுக்கும் மெழுகு பூசியிருக்க வேண்டும். பூசாவிட்டால் போச்சு, எல்லாம் கட்டையோடு ஒன்றாகிவிடும்.

அவர்கள் வசிக்கிற பள்ளத்தாக்கில் மெழுகு பூச மறந்தவனுக்கு மன்னிப்பே கிடையாது. டெல்மரின் தம்பி ஆர்லன் ஒரு தடவை மறந்தான். அன்றிலிருந்து நன்றி நாள் விருந்தில் வான்கோழியை வெட்டும்போதெல்லாம், பசைக்காரனுக்கு ஒரு காலைக் கொடுங்கள் என்பார் டெல்மர்.

அந்த ஆர்லன்தான் இப்போது ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தான். முகத்தில் கல்யாணக் களை.

"ஏண்ணே, மெழுகு பூசினியா?"

டெல்மர் துப்பாக்கியைப் புரட்டிப் போட்டார். திருகாணிகள் இரண்டும் சுலபமாகக் கழன்று வந்திருந்தன. இரும்புதான் வர மறுத்தது.

இன்னொரு தட்டு. வந்துவிடப் போகிறது, இதோ இந்தத் தட்டில் வந்துவிடப் போகிறது என்று நடீன் பயந்தாள்.

போன வருஷ வேட்டைக்கு அவளும் அவரோடு போயிருந்தாள். ஓடையோரப் புதரில் பழுப்பாக ஏதோ அசைந்தது. டெல்மர் துப்பாக்கியைத் தூக்கினார். பழுப்புக்கு நடுவில் ஆரஞ்சு நிறம் தெரிந்தது, வேட்டைக்காரர்கள் போடுகிற சட்டையின் ஆரஞ்சு. அவள் பார்த்துவிட்டாள். அவர் கண்ணுக்கு அது தெரியவில்லை. அவள் குழலைக் கையால் மேலே தள்ளிய நொடியில் குண்டு வானத்துக்குப் போனது.

புதரிலிருந்து எழுந்து நின்றது ஆர்லனின் மகள் ஷெல்பி. பூட்ஸ் கயிறு கட்டக் குனிந்திருந்தாளாம்.

மானைத்தான் சுட்டேன், கட்டை வளைந்து குறி தவறிவிட்டது என்று டெல்மர் தம்பியிடம் சொன்னார். நடீன் ஆமாம் போட்டாள். அதன்பிறகு அதைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை இல்லை. கண் டாக்டர் என்று அவள் வாயெடுத்தாலே அவர் எழுந்து பட்டறைக்குப் போய்விடுவார். வருஷம் முழுக்கக் குற்றவாளி அந்தக் கட்டைதான்.

அதனால்தான் நேற்று, மெழுகு பூசிவிட்டு அவர் கை கழுவப் போன நேரத்தில், நெயில் பாலிஷ் ரிமூவரைப் பஞ்சில் நனைத்து இரும்பை ஒரு பொட்டு மெழுகு இல்லாமல் அவள் துடைத்து வைத்தாள்.

அவர் திரும்பி வந்தார். வழக்கம்போல இரும்பைக் கையில் எடுத்து, கட்டைவிரலை அதன்மேல் ஒரு முறை ஓட்டினார். அவள் பஞ்சை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். ஒன்றும் சொல்லாமல் பசையைக் கலக்கத் தொடங்கினார். பாவம், கண் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

டெல்மர் சுத்தியலைக் கீழே வைத்தார்.

ஆர்லன் எழுந்து வந்து துப்பாக்கியை இழுத்துப் பார்த்தான், ஆட்டிப் பார்த்தான். பிறகு அவன் சிரித்த சிரிப்பில் பட்டறைத் தகரம் அதிர்ந்தது.

"மறந்துட்ட! ஊருக்கெல்லாம் பேர் வச்ச ஆளு, நீயே மறந்துட்ட!"

"மறந்துதான்டா போச்சு" என்றார் டெல்மர்.

சூடு காட்டினால் பிளாஸ்டிக் உருகிவிடும். ஃப்ரீசரில் வைத்தால் இரும்பு சுருங்கி வந்தாலும் வரும் என்றான் ஆர்லன். டெல்மர் வேண்டாம் என்றார். மற்ற துப்பாக்கிகளை மருமகன்களுக்குக் கொடுத்தாகிவிட்டது, அவருக்கென்று மிச்சம் இது ஒன்றுதான். ஆர்லன் தன்னுடையதைத் தருகிறேன் என்றான்.

"அடுத்தவன் துப்பாக்கியோட மலை ஏறுறதும், அடுத்தவன் பல்செட்டை மாட்டிக்கிட்டுக் கறி கடிக்கிறதும் ஒண்ணுடா. நீங்க போயிட்டு வாங்க."

ஆர்லன் ஊருக்குத் தண்டோரா போடக் கிளம்பினான். மெழுகு மறந்த துப்பாக்கியில் திருகாணி மட்டும் எப்படிக் கழன்றது என்று கேட்க அவனுக்குத் தோன்றவில்லை.

நடீன் காபியை ஊற்றிக் கொடுத்தாள். வண்டிச் சத்தம் தேயும்வரை டெல்மர் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கட்டைவிரலால் அதன் விளிம்பைத் தடவியபடி நின்றார்.

"இதுல மயிரிழை மாதிரி விரிசல் விட்டிருக்கு, நடீன். தூக்கிப் போட்டுடு, உன் கையைக் கிழிச்சிடப் போகுது."

அவள் வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நல்ல கண்தான் அவளுக்கு. ஒன்றும் தெரியவில்லை. நகத்தால் தடவியபோதுதான் தட்டுப்பட்டது.

நேற்று அந்த இரும்பின்மேல் ஓடியதும் இதே விரல்தான்.