தலைக்கணக்குக்கு ஒரு நாய்

"டேட்டன் நாய்க் கண்காட்சிக்கு உன் பிஸ்கட் பேரையும் கொடுத்துடு, வெர்னா," என்று போனில் கெஞ்சினார் ஹார்லன். கெஞ்சல்கூட அவருக்கு உத்தரவு மாதிரிதான் வரும். "நாலு பாசெட் நாயாவது போட்டியில நின்னாதான் பெரிய வெற்றின்னு கணக்குல சேரும். மூணுதான் இருக்கு. இந்த ஒண்ணு கிடைச்சா என் டியூக் சாம்பியன்!"

"பிஸ்கட் சோபாவுல குறட்டை விடுற நாயாச்சே."

"அதான் வேணும். அவன் வந்து தோத்தா போதும்."

கண்காட்சியில், மூன்று மணி நேரம் சீவி முடித்த டியூக் சிலையாக நின்றது. பிஸ்கட் கொட்டாவி விட்டது. நடுவர் எல்லா நாய்களின் பல்லையும் பார்த்தார், முதுகைத் தடவினார், நடக்கவிட்டார். பிறகு முதல் பரிசு இதற்குத்தான் என்று பிஸ்கட்டை நோக்கிக் கை நீட்டினார்.

ஹார்லனின் முகம் தொங்கிய தொங்கலில், பிறவியிலேயே காதும் கன்னமும் தொங்கும் அந்த நான்கு பாசெட்டுகளும் தோற்றன.

"என்ன நடை! யார் வீட்டுக் குட்டி இது?" என்றார் நடுவர்.

வெர்னா சிரிப்பை அடக்கிக்கொண்டு ஹார்லனைக் காட்டினாள். "இவர் வீட்டுதுதான். டியூக்கோட கூடப்பிறந்தவன். 'கால் கோணல், போட்டிக்கு ஆகாது'ன்னு எட்டு வாரத்துலயே என்கிட்ட தூக்கிக் கொடுத்துட்டார்."

"அப்படின்னா நீங்களும் படத்துல நில்லுங்க சார்," என்றார் புகைப்படக்காரர்.

ஹார்லன் ஒரு கணம் யோசித்தார். டையைச் சரிசெய்துகொண்டு பிஸ்கட் பக்கத்தில் மண்டியிட்டார். அது அவர் முகமெல்லாம் நக்கியது.

"நான் அப்பவே சொன்னேன்ல, வெர்னா?"

"என்ன சொன்னீங்க?"

"இவனை நல்ல கையிலதான் கொடுக்கணும்னு."