ஐந்தாவது குரல் தேர்வு

ஆலயப் பாடகர் குழுவின் தலைவிக்குத் தலை கிறுகிறுத்தது. ஐந்தாவது முறையாகக் குரல் தேர்வுக்கு வந்து, ஒரு சரணம்கூட மிச்சம் வைக்காமல் பாடி முடித்திருந்தார் எதிரே நின்ற பெரியவர். குழுவில் இருந்த எல்லோரும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஐயா, தப்பா எடுத்துக்காதீங்க. இந்தத் தடவையும் வேண்டாமே," என்றாள் தலைவி.

அவர் முகம் தொங்கிப்போனது. "ஆண்டவர் என்னைப் பாடத்தாம்மா அழைக்கிறார். வேதத்துல வர்ற திக்குவாய்க்காரரையே அழைச்சு ஒரு ஜனத்துக்குத் தலைவராக்கினவர் அவர்!"

"அந்தத் திக்குவாய்க்காரரைப் பாடச் சொல்லலையே ஐயா."

"ஜனத்தோட கடலைத் தாண்டினதும் அவரும் பாடினாரே! வேதத்தைப் புரட்டிப் பாரும்மா."

வேத விஷயத்தில் இவரிடம் வாயைக் கொடுத்திருக்கக் கூடாது. தலைவி உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"போன ஞாயித்துக்கிழமை பிரசங்கம் கேட்டேல்ல? ஆண்டவர் யாரையும் ஒதுக்கித் தள்ளமாட்டார்னு?"

"கேட்டேன் ஐயா. கண்ணே கலங்கிடுச்சு."

"அப்புறம் நீ மட்டும் தள்ளுறியே!"

அவளுக்குச் சட்டென்று பொறி தட்டியது. "அவங்கவங்க அழைப்பு எதுன்னு தெரிஞ்சுக்கிட்டு, அதோட நிக்கணும்னும் அதே பிரசங்கத்துல வந்துச்சே ஐயா?"

அவர் திருதிருவென்று விழித்தார்.

"அப்படியா சொன்னேன்?"

"முக்கால் மணி நேரம் சொன்னீங்க."

போதகர் பாட்டுப் புத்தகத்தை மூடி மேசைமேல் வைத்தார். "இனிமே பிரசங்கத்தைச் சுருக்கமா வெச்சுக்கணும்," என்று முணுமுணுத்தார்.

"ஆமென்!" என்றது பாடகர் குழு மொத்தமும், அன்றுதான் முதல் முறையாக ஒரே சுருதியில்.